'வண்டி எங்கே?' என்று கேட்டால் ஏன் நாலு பேருக்கு ஃபோன் போட வேண்டியிருக்கிறது

அம்பத்தூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஆபரேஷன்ஸ் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சப்ளை செயினுக்குத் தெளிவான தகவல் பரிமாற்றம் முக்கியம் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு, நாள் முழுக்கச் செய்தி. ஆனாலும் ஒரு கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள நாலு பேருக்கு ஃபோன் போட வேண்டியிருக்கிறது. நல்ல சாஃப்ட்வேர் வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். முக்கியமா இல்லையா என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. இவ்வளவு பேசியும் ஏன் யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். சாஃப்ட்வேர் பற்றி ஒரே வரியில் சொன்னால்: உதவும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் உதவாது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

நான் பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் தொடங்கி, மணலியில் ஒரு சிஎஃப்எஸ் (துறைமுகத்துக்கு வெளியே கண்டெய்னர் சரக்கைக் கையாளும் கிடங்கு), அப்புறம் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பிளானிங் என்று, இதே வேலையின் வேறு வேறு முனைகளில் இருந்தவன். கண்டெய்னர், உதிரிபாகம் பற்றி நான் சொல்வது கையால் செய்து தெரிந்தது. மருந்து, குளிர்பதனச் சரக்கு, நிலக்கரி மாதிரி மொத்தச் சரக்கு இதெல்லாம் நான் தொட்டதில்லை. அங்கே இது எவ்வளவு பொருந்தும் என்று அந்தத் துறைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு இருபதடி கண்டெய்னர் ஐரோப்பா போகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர், கப்பல் கம்பெனியான லைனரிடம் புக்கிங் எடுக்கிறார். டிரான்ஸ்போர்ட்காரர் யார்டில் காலிப் பெட்டியை எடுத்து ஃபேக்டரிக்கு அனுப்புகிறார். அங்கே லோடு ஏற்றி சீல் போடுகிறார்கள். கஸ்டம்ஸ் புரோக்கர் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி அறிவிப்பைச் சுங்கத்தில் போட்டு, ஏற்றுமதி அனுமதி வாங்குகிறார். டிரைவர் சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூருக்கோ காட்டுப்பள்ளிக்கோ போய் கேட்டுக்குள் நுழைகிறார். டெர்மினல் அதைக் கப்பலில் ஏற்றுகிறது. பெரும்பாலும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வேறு கப்பலுக்கு மாறும். எட்டு ஒன்பது கை மாறுகிற இந்த வேலையில் ஒவ்வொருவருக்கும் தன் பங்கு நன்றாகவே தெரியும். அடுத்தவருக்கு எது, எப்போது தேவை என்பது பெரும்பாலும் தெரியாது. செய்தி தொலைவது அந்தக் கை மாறும் இடங்களில்தான்.

கட்-ஆஃப், அதாவது கடைசிக் கெடு, என்பதை ஒரே நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே கப்பலுக்கு மூன்று நாலு இருக்கும்: கண்டெய்னர் கேட்டுக்குள் போக ஒன்று, லைனர் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்குக்கான விவரம் கொடுக்க ஒன்று, எடை அறிவிக்க ஒன்று. எடையையே எடுத்துக்கொள்வோம். சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிப்படி 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை அறிவிக்கப்படாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. நாம் விஜிஎம் என்று சொல்வது இதைத்தான். லோடு ஏற்றிய பெட்டியை அப்படியே எடை போடலாம். அல்லது உள்ளே போன சரக்குப் பெட்டிகள், கட்டை, பலகை எல்லாவற்றின் எடையையும் கூட்டி, காலி கண்டெய்னரின் எடையைச் சேர்க்கலாம். அந்தக் காலி எடை கண்டெய்னர் கதவிலேயே எழுதியிருக்கும். கதவைக் கண்ணால் பார்ப்பவர் ஃபேக்டரியில் லோடிங் சூப்பர்வைசர். அந்த எண் தேவைப்படுவதோ பாரிமுனையில் டாக்குமென்ட் போடும் பெண்ணுக்கு. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, நடுவில் மூன்று பேர் இருக்கிறார்கள். கதவை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புவது யார் வேலை என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. சாயங்காலம் அந்த ஒரு எண்ணைத் தேடி ஆரம்பிக்கும் ஃபோன்களை நீங்கள் இந்நேரம் பார்த்திருப்பீர்கள்.

கேட் கட்-ஆஃப் இன்னும் மோசம், ஏனென்றால் அது நகரும். கப்பல் முன்னதாக வந்தால் நேரத்தை முன்னால் இழுப்பார்கள். லைனர் சாயங்காலம் ஃபார்வர்டருக்கு ஒரு மெயில் போட்டுவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று இருப்பார். ஃபார்வர்டர் ஆபீஸ் அதற்குள் மூடியிருக்கும். டிரெய்லர் எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசையில் நிற்கும். டிரைவரிடம் பழைய நேரம்தான் இருக்கும். அவர் அவசரப்படவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டி ரோல் ஓவர் ஆகி அடுத்த கப்பலுக்குப் போகும், கொழும்பில் பிடிக்க வேண்டிய பெரிய கப்பலும் தவறும்.

இறக்குமதியில் இதன் விலையை அரசாங்கமே ரூபாயில் எழுதி வைத்திருக்கிறது. கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2021இல் சுங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். சில அண்டை நாடுகளிலிருந்து வருவதற்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளுக்கு 10,000 ரூபாய். கப்பல் ஒரு நாள் முன்னதாக வருகிறது என்ற செய்தி சனிக்கிழமை வந்து, அதை ஒருவர் திங்கட்கிழமை காலையில் திறந்து பார்த்தால் அந்தக் கணக்கு ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெர்மினலிலோ சிஎஃப்எஸ்ஸிலோ பெட்டி கிடக்கும் இடத்துக்கான கட்டணம் வேறு, லைனரின் பெட்டியை நாம் வைத்துக்கொண்டிருப்பதற்கான டிட்டென்ஷன் வேறு. இரண்டுக்கும் இலவச நாட்கள் தனித்தனி. புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து, வாடிக்கையாளரிடம் ஏதோ ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறார்கள். பில் வரும்போது பூகம்பம்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவை ஒரு நாள் நிதானமாக மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 'வண்டி வந்துடுச்சு' என்று இருக்கும். எங்கே? ரோட்டிலா, கேட் உள்ளேயா, லோடிங் டாக்கிலா? ஃபேக்டரிக்காரர் டாக்கில் நிற்பதைத்தான் வந்ததாக எடுத்துக்கொள்வார். டிரான்ஸ்போர்ட்காரர் ரோட்டில் நின்ற நிமிடத்திலிருந்து ஹால்ட்டிங், அதாவது காத்திருப்புக் கட்டணம், கணக்குப் போடுவார். மாதக் கடைசியில் நடக்கும் பில் சண்டையில் பாதி இங்கிருந்துதான் முளைக்கிறது. 'செவ்வாய்க்கிழமை ராத்திரி 12 மணி கட்-ஆஃப்' என்று இருக்கும். செவ்வாய் தொடங்கும் 12 மணியா, முடியும் 12 மணியா? பழைய ஆட்கள் 23:59 என்று தேதியோடு எழுதுவது இதனால்தான். வெளிநாட்டு ஏஜென்ட்டுக்கு 05/06 என்று எழுதினால் நமக்கு அது ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் தீர்ந்தது.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 'வண்டி மாதவரத்துல நிக்குது' என்று பத்தரை மணிக்குச் செய்தி வருகிறது. அது பத்தரைக்கு யாரோ பார்த்ததா, எட்டு மணிக்கு டிரைவர் சொன்னதை மூன்று பேர் தள்ளிவிட்டதா? வாட்ஸ்அப் செய்தி வந்த நேரத்தைக் காட்டும், பார்த்த நேரத்தைக் காட்டாது. உங்கள் ஆபீஸில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கொண்டுவர முடியும் என்றால், நான் இதைத்தான் கொண்டுவருவேன்: எந்த நிலைத் தகவலானாலும் யார் பார்த்தது, எத்தனை மணிக்குப் பார்த்தது என்ற இரண்டும் கூடவே வர வேண்டும்.

எண்கள் விஷயத்தில் இந்தத் துறை ஓர் இடத்தில் மிகவும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டிருக்கிறது. கண்டெய்னர் எண்ணில் நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். ஐஎஸ்ஓ 6346 தரப்படி முதல் மூன்று எழுத்து உரிமையாளருக்கு, நாலாவது பெரும்பாலும் யு, அடுத்த ஆறு இலக்கம் வரிசை எண். பெட்டியில் தனியாகக் கட்டம் கட்டி எழுதியிருக்கும் கடைசி இலக்கம், முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஓர் இலக்கத்தை யாராவது மாற்றி எழுதினால் கடைசி இலக்கம் அநேகமாக ஒத்துவராது, கணினி உடனே பிடித்துவிடும். மனிதர்கள் தவறாகத்தான் எழுதுவார்கள் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு. லாரி நம்பர், சீல் நம்பர், இன்வாய்ஸ் நம்பரில் இந்த வசதி கிடையாது. அங்கே கேட்டவர் திருப்பிச் சொல்வதுதான் வழி. மணலிப் பக்கம் லாரி ஆபீஸ்களில் 'டி ஃபார் டெல்லி, பி ஃபார் பாம்பே' என்று ஃபோனில் கத்துவதைக் கேட்டுப் படித்த பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். டீசல் இன்ஜின் சத்தத்தில் பி, டி, இ, சி எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். கத்துகிறவர்கள் செய்வதுதான் சரி.

தப்பான எண் எவ்வளவு பெரிய தப்பு என்பதற்கு, சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான ஈ-வே பில் நல்ல அளவுகோல். 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட ஜிஎஸ்டி சுற்றறிக்கை ஒன்று, வண்டி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் மாறியது, பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றைச் சின்னத் தவறு என்று ஒதுக்குகிறது. இன்வாய்ஸும் மற்ற விவரங்களும் சரியாக இருந்தால், அதற்காக சரக்கைப் பிடித்துவைக்கும் நடவடிக்கைக்குப் போகாமல் மத்திய, மாநில ஜிஎஸ்டியில் தலா 500 ரூபாய் அபராதத்தோடு விடலாம். ஆனால் வண்டியே மாறியதைச் சொல்லாமல் விட்டால் கதை வேறு. கிருஷ்ணகிரி தாண்டி ஆக்சில் உடைகிறது. டிரைவர் சமயோசிதமாகத் தெரிந்த இன்னொரு லாரியில் சரக்கை மாற்றி அனுப்பிவிடுகிறார். நல்ல எண்ணம்தான், ஆனால் சென்னைக்குச் சொல்லவில்லை. ஈ-வே பில்லில் வண்டி எண் எழுதும் பார்ட் பி-யில் பழைய வண்டி எண்ணே இருக்கிறது. வழியில் பிடித்தால், உரிமையாளரே முன்வந்து கட்டினாலும் வரி உள்ள சரக்குக்கு வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம் என்பது 2022 ஜனவரி முதல் உள்ள நிலை. அதிகாரி கருணை காட்டலாம், காட்டாமலும் போகலாம். அதை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. ஈ-வே பில்லின் செல்லுபடிக் காலமும் அப்படித்தான். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். நீட்டிக்க வேண்டுமென்றால் காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டும்தான் முடியும். வண்டி படுத்துவிட்டது என்று மறுநாள் மத்தியானம் தெரிந்தால், நீட்டிக்கும் நேரமும் போயிருக்கும்.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. ஒரு படிவம், ஒரு ஒழுங்கு இருந்தால் சரிசெய்துவிடலாம். கஷ்டமானது கெட்ட செய்தி.

டிரைவருக்கு ஃபோன் போட்டு 'அண்ணே, எங்க இருக்கீங்க?' என்றால் 'இதோ வந்துட்டேன் சார், பத்து நிமிஷம்' என்பார். செங்குன்றத்தில் இருந்துகொண்டே சொல்வார். அவரைப் பொய்யர் என்று முத்திரை குத்துவதற்கு முன், உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். ஒரு திட்டு. அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஃபோன். சில இடங்களில் வாடகையில் பிடித்தம். பத்து நிமிஷம் என்று சொன்னால் பத்து நிமிடமாவது நிம்மதியாக வண்டி ஓட்டலாம். ஆபீஸிலும் நடப்பது இதுவே. கோஆர்டினேட்டர் மேனேஜரிடம் 'ஃபாலோ அப் பண்ணிட்டிருக்கேன் சார்' என்பார். மேனேஜர் வாடிக்கையாளரிடம் 'வண்டி வழியில இருக்கு' என்பார். ஒவ்வொரு படியிலும் செய்தி கொஞ்சம் நல்லதாகிக்கொண்டே மேலே போகும். வாடிக்கையாளர் காதில் விழும்போது பிரச்சினையே இல்லாத மாதிரி இருக்கும்.

உதிரிபாகத் தொழிலில் இதன் விலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பாகம் வரவில்லையென்றால் கார் கம்பெனியில் லைன் நிற்கும். நின்ற நேரத்துக்கு சப்ளையர் தலையில், அந்த இழப்பைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் விழும். வண்டி நின்றுவிட்டது என்று மூன்று மணி நேரம் முன்னால் தெரிந்தால் பிளானருக்குக் கையில் வேலை இருக்கிறது. வேறு மாடலை முன்னால் ஓட்டலாம், அவசரத்துக்கு வேண்டிய பெட்டிகளை மட்டும் ஒரு டாடா ஏஸில் மாற்றி வரவழைக்கலாம், பக்கத்து கிடங்கில் இருப்பைத் துழாவலாம். அரை மணி முன்னால் தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முன்கூட்டியே சொன்னவருக்குப் பிடித்தம் இல்லை, மறைத்தவருக்கு மட்டும்தான் என்ற ஏற்பாடு நான் பார்த்த ஒன்றிரண்டு இடங்களில் நன்றாக வேலை செய்தது. ஆனால் அங்கே முதலாளியே அதில் உறுதியாக நின்றார். முதலாளி ஃபோனில் கத்துகிற இடத்தில் அதே ஏற்பாடு பலன் தரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

உலக அளவில் இதற்கு எல்லோரும் எடுக்கும் உதாரணம் ஒன்று உண்டு. 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலை ஒன்றில் மின்னல் காரணமாகத் தீப்பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்ட சின்னத் தீதான். ஆனால் சிப் செய்யும் தூய அறைகள் புகையிலும் நீரிலும் பாழாகிவிட்டன. நோக்கியா, எரிக்சன் இரண்டுமே அங்கே பெரிய வாடிக்கையாளர்கள். ஒரு வாரம் தாமதம் ஆகும் என்ற ஒரே செய்திதான் இரண்டு பக்கமும் போனது. நோக்கியாவில் அதைக் கேட்டவர் உடனே மேலே சொன்னார். அந்தச் சிப்பைத் தனிக் கண்காணிப்பில் வைத்து தினமும் பிலிப்ஸைத் துளைத்தார்கள். ஒரு வாரம் பல வாரங்களாக நீளும் என்று சீக்கிரமே புரிந்துகொண்டு வேறு ஆலைகளைப் பிடித்தார்கள். எரிக்சனில் செய்தி கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. பொறுப்பில் இருந்தவருக்குப் போய்ச் சேர வாரக்கணக்கானது. சுமார் 40 கோடி டாலர் இழப்பு என்று கணக்குச் சொன்னார்கள். இதுவரை உறுதியானது. இந்தத் தீதான் எரிக்சனைத் தனியாகக் கைப்பேசி செய்யும் தொழிலிலிருந்தே வெளியேற்றியது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது அதிகப்படி. அந்தப் பிரிவு 2001இல் சோனியோடு சேர்ந்ததற்கு மாடல் தேர்வு, சந்தைப்படுத்தல் என்று வேறு காரணங்களும் இருந்தன. அதே நோக்கியா 2006இல் நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்து 2014இல் மூடியதையும் நாம் பார்த்தோம். அதற்கும் தகவல் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கெட்ட செய்தியைவிட ஆபத்தானது எந்தச் செய்தியும் வராதது. மழைக்காலத்தில் 'துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த எண்கள் 11 வரை போகும். 10 என்றால் கடும் புயல் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும் பேரபாயம். அதற்கும் மேலே எதற்கு ஒரு 11? வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று தெரிவிப்பதற்கு. செய்தி நின்றுபோனால் எதை நம்ப வேண்டும் என்பதை யாரோ முன்கூட்டியே யோசித்து, அதற்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். நம் ஆபீஸ்களில் இந்த யோசனை கிடையாது. தகவல் வரவில்லையா, சரி, எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். இதைத் தலைகீழாக்குங்கள். ராத்திரி 10 மணிக்குள் கேட்டுக்குள் போன தகவல் வரவில்லையென்றால் பெட்டி உள்ளே போகவில்லை என்றுதான் பொருள்; இன்னார் அந்த நிமிடமே கூப்பிட வேண்டும் என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது செல்பேசியும் மின்சாரமும் இல்லாமல் சென்னையில் பல பகுதிகள் நாட்கணக்கில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் டிரைவர் யாரையும் பிடிக்க முடியாவிட்டால் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்பது, மழை தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கல்லூரியில் புல்விப் எஃபெக்ட் படித்திருப்பீர்கள். சவுக்கின் கைப்பிடியை லேசாக அசைத்தால் நுனி வீசி அடிப்பதுபோல, கடையில் தேவை கொஞ்சம் கூடினால் ஆலைக்கு வரும் ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கும் என்பது. எம்ஐடியைச் சேர்ந்த ஜே ஃபாரெஸ்டர் 1961இலேயே இந்த அலைவைக் காட்டினார். 1997இல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூவரும் நாலு காரணங்களைப் பிரித்துச் சொன்னார்கள்: ஒவ்வொருவரும் கீழே இருந்து வரும் ஆர்டரை வைத்தே தேவையைக் கணிப்பது, ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது, விலைச் சலுகைகளால் ஏற்ற இறக்கம், தட்டுப்பாடு வரும் என்று பயந்து கூடுதலாகக் கேட்டுவைப்பது. கடைசிக் காரணத்தை தீபாவளிக்கு முன் எந்த மொத்த வியாபாரியிடமும் பார்க்கலாம். நூறு பெட்டி கேட்டால் ஐம்பதுதான் தருவார்கள் என்று இருநூறு எழுதுவார். ஆலைக்கு அவர் மனதில் இருந்த நூறு தெரியாது. இந்த அலைவில் தகவல் குறைபாட்டுக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லோரும் மனம் திறந்து பேசியிருந்தால் 2021இன் சிப் தட்டுப்பாடே வந்திருக்காது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2020இல் கார் கம்பெனிகள் பயந்து ஆர்டரைக் குறைத்தது உண்மை. சிப் ஆலைகளின் கொள்ளளவே போதாமல் இருந்ததும் உண்மை. பேச்சு புதிய ஆலையைக் கட்டிவிடாது.

இப்போது சாஃப்ட்வேர். வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் பதிவாகிறது. கண்டெய்னர் எண்ணைக் கொடுத்தால் துறைமுகத்திலிருந்து பெட்டி வெளியேறியதா என்று லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் தளத்தில் பார்க்கலாம். 2022 செப்டம்பரில் வந்த தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு அறிமுகமான யூலிப் என்ற அரசுத் தளம், பல துறைகளின் இப்படிப்பட்ட தகவல்களை ஒரே இடத்தில் கோக்கிறது. இவை வந்த பிறகு 'எங்கே' என்ற கேள்விக்கான ஃபோன்கள் நிச்சயம் குறைந்திருக்கின்றன. 'ஏன்', 'இனி என்ன' என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. வண்டி ஒரு மணி நேரமாக ஒரே புள்ளியில் நிற்கிறது என்று திரை காட்டும். சீல் நம்பர் ஒத்துவராமல் கேட்டில் திருப்பிவிட்டார்களா, கனரக வாகனத் தடை நேரம் முடியக் காத்திருக்கிறாரா, சாப்பிடப் போயிருக்கிறாரா என்பது டிரைவருக்குத்தான் தெரியும். யார் எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யாத ஆபீஸில் சாஃப்ட்வேர் வாங்கினால், அதில் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். மீதியைச் சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து ஞாபகத்தில் இருந்து நிரப்புவார். நானே பார்த்திருக்கிறேன். தகவல் பரிமாற்றம் மேம்பட்டால் செலவு இத்தனை சதவீதம் குறையும் என்று விற்க வருபவர்கள் காட்டும் வரைபடங்களை மட்டும் நம்பாதீர்கள். சரக்கு, தூரம், வாடிக்கையாளர் எல்லாம் மாறும் இடத்தில் அப்படி ஒரே எண் வர வழியில்லை. உங்கள் ஆபீஸில் போன மாதம் கட்டிய டிட்டென்ஷன், ஹால்ட்டிங், ரோல் ஓவர் பில்களை எடுத்து, அவற்றில் எத்தனை யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்த விஷயத்தால் வந்தவை என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண் நம்பத்தக்கது.

உங்கள் நிலையில் இருந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஒரே ஒரு ஆளின் பெயர் இருக்கட்டும். குழுவில் இருபது பேர் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அவசரமானதை ஃபோனில் பேசுங்கள், பேசி முடிவானதை ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது முடிந்த வேலைகளைச் சொல்ல வேண்டாம். தொங்கிக்கொண்டிருப்பவை எவை, ஒவ்வொன்றுக்கும் அடுத்த கெடு எத்தனை மணி என்பதை மட்டும் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். பீகார், உத்தரப் பிரதேச டிரைவர்கள் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். தமிழில் எழுதிய செய்தியோ ஆங்கில மெயிலோ அவர்களுக்கு வெறும் புள்ளி. இந்தி தெரிந்த ஒருவரை வைத்து, போக வேண்டிய இடம், நேரம், கேட், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நாலையும் ஒரு குரல் பதிவாகப் போட்டுவிடுங்கள். வண்டி கிளம்பும் முன் அவர் அதைக் கேட்டுவிட்டாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் 'எங்க இருக்கீங்க' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'கடைசியா எந்த டோல் தாண்டினீங்க, எத்தனை மணிக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பத்து நிமிஷம் என்று பதில் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் திட்டாமல் ஃபோனை வைத்துவிடுங்கள்; அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

நீங்கள் பார்ப்பது ஏற்றுமதியா இறக்குமதியா என்று எழுதவில்லை. அதையும், முழு கண்டெய்னரா பலருடைய சரக்கைச் சேர்த்து அனுப்புவதா என்பதையும் சொன்னால், எந்தக் கெடுக்களை முதலில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று கீழே எழுதுகிறேன். விமானச் சரக்கு என்றால் மேலே சொன்ன கட்-ஆஃப் கணக்கு பாதி மாறிவிடும். அதற்கு வேறு ஆளைத்தான் கேட்க வேண்டும்.